கார்டியன்ஷிப்புக்கு வக்கீல் பிடிப்பது எப்படி: வடசென்னைக் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

"கார்டியன்ஷிப்புக்கு நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பாதி அலைச்சல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. எந்த வகைக் கார்டியன் (பாதுகாவலர்), எந்த அலுவலகம், எந்தக் கோர்ட் என்ற தெளிவு இல்லாமல் போனால், அந்த வக்கீலுக்குப் பழக்கமான கோர்ட்டுக்கு உங்கள் விஷயம் போய்ச் சேரும். அதுதான் சரியான கோர்ட் என்று கட்டாயமில்லை. சில விஷயங்களுக்கு வக்கீலே தேவையில்லை என்பது பணம் கட்டின பிறகுதான் தெரியவரும்.

நான் வக்கீல் இல்லை. இறந்துபோன அக்காவின் மகனுக்காக இந்த வழியில் போனவன். அதற்கப்புறம் காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் இதே காரியத்துக்கு அலைபவர்களோடு துணைக்குப் போய்வருகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். 1 முதல் 4 வரை முடிக்காமல் 5க்குத் தாவ வேண்டாம்.

1. யாருக்கு, எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள்

இரண்டே கேள்விதான். யாருக்குக் கார்டியன் வேண்டும்: 18 வயது ஆகாத பிள்ளைக்கா, 18 தாண்டிய மாற்றுத்திறனாளிக்கா, மனநோய் உள்ளவருக்கா, கோமாவில் படுத்திருப்பவருக்கா? எதற்கு வேண்டும்: வளர்க்கவா, பாஸ்போர்ட்டுக்கா, பேங்க் பணத்துக்கா, வீட்டை விற்கவா?

ஒவ்வொன்றுக்கும் சட்டமும் போகிற இடமும் வேறு. "எல்லாத்துக்கும்தான்" என்று எழுதாதீர்கள். இன்றைக்கு எந்தக் கவுன்டரில் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள், என்ன பேப்பர் கேட்டார்கள் என்பதை எழுதுங்கள். முடிந்தால் அதை அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுன்டரில் "கார்டியன் சர்டிபிகேட்" என்று வாயால் சொல்லியிருப்பார்கள், உண்மையில் கேட்டது வாரிசுச் சான்றாக இருக்கும். இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

2. கோர்ட் தேவையே இல்லாத விஷயமா என்று பாருங்கள்

கணவர் இறந்த இந்துப் பெண் தன் சொந்தக் குழந்தைக்குக் கார்டியன் ஆர்டர் வாங்க வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டப்படி தகப்பனுக்குப் பிறகு தாய்தான் இயற்கைக் காப்பாளர். தகப்பன் உயிரோடு இருந்தும் பொறுப்பில் இல்லாவிட்டால் தாயே காப்பாளராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் சொல்லிவிட்டது. பள்ளி, பேங்க் கணக்கு மாதிரி காரியங்களுக்கு இறப்புச் சான்றும் பிறப்புச் சான்றும் போதும்.

ஆனால் அதே தாய் குழந்தையின் பெயரில் உள்ள வீட்டையோ மனையையோ விற்கவோ அடமானம் வைக்கவோ போனால், அதே சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிக்கொடுத்த பத்திரத்தை, பிள்ளை 18 வயது முடிந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். அதனால்தான் வீடு வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் பேங்க் முரண்டு பிடிக்கிறது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் பிள்ளைகளுக்காகத் தாய் கையெழுத்துப் போட்டாலும் இதே சிக்கல் வரும்.

இஸ்லாமியக் குடும்பங்களில் நிலைமை வேறு. தாய் குழந்தையை வளர்க்கலாம், ஆனால் குழந்தையின் சொத்துக்கு அவர் தானாகவே கார்டியன் ஆகமாட்டார். மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் கணவரை இழந்த பெண்கள் இதைத் தெரியாமல் பத்திரம் வரை போய் நின்றுவிடுகிறார்கள். அவர்கள் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி கோர்ட்டில் மனு போட வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் அதே 1890 சட்டம்தான்.

தாத்தா, பாட்டி, மாமா, சித்தி வளர்க்கிற பிள்ளைக்குக் கட்டாயம் ஆர்டர் வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, முத்திரைத்தாளில் "இனி நான் கார்டியன்" என்று எழுதி நோட்டரி முத்திரை குத்திக்கொள்வது. பள்ளியில் சேர்க்க சில இடங்களில் அது ஓடும். பேங்கிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஓடாது. நோட்டரிக்கு யாரையும் கார்டியனாக நியமிக்கிற அதிகாரமே கிடையாது.

3. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

பிள்ளையின் வளர்ப்புப் பொறுப்பு என்றால் குடும்ப நீதிமன்றம். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. முன்பெல்லாம் இந்த வழக்குகளை உயர் நீதிமன்றத்திலும் நேராகப் போட்டார்கள். 2022இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், இவை குடும்ப நீதிமன்றத்துக்கே உரியவை என்று முடித்துவைத்தது. "ஹை கோர்ட்லயே போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் பழைய நினைப்பில் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் சொத்து என்றால் சிவில் பக்கம். உயர் நீதிமன்றத்தின் அசல் பிரிவா, நகர உரிமையியல் நீதிமன்றமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், வக்கீலிடம் காரணம் கேளுங்கள். திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் பக்கத்துக்காரர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டும். 2018இல் திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன என்பது உண்மை. ஆனால் வருவாய் எல்லை வேறு, கோர்ட் எல்லை வேறு. தப்பான கோர்ட்டில் போட்ட மனு மாதக்கணக்கில் தூங்கிவிட்டுத் திரும்பி வரும்.

18 தாண்டிய மாற்றுத்திறனாளி என்றால் முதலில் எந்தக் குறைபாடு என்று சான்றிதழில் பாருங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுதான் கார்டியனை நியமிக்கும். கோர்ட் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் படிவம் பற்றிக் கேளுங்கள். கலெக்டர் அலுவலகம் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில், பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பெற்றவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது: பிள்ளைக்கு 18 ஆன நாளோடு தாய் தகப்பனின் சட்டப்படியான பொறுப்பு முடிகிறது. "நான்தானே அம்மா" என்று சொன்னால் பேங்க் ஒத்துக்கொள்ளாது. 17 வயது நடக்கும்போதே அடையாள அட்டை, குறைபாட்டுச் சான்று எல்லாவற்றையும் சரிபண்ணி வையுங்கள்.

ஸ்கிசோஃப்ரினியா மாதிரி மனநோய் அந்த நான்கில் வராது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சைக்கு ஒரு பிரதிநிதியை வைத்துக்கொள்ள வழி உண்டு. சொத்துக்குக் கார்டியன் போடுகிற ஏற்பாடு பழைய 1987 மனநலச் சட்டத்தில் இருந்தது, புதியதில் இல்லை. கோமா நோயாளிக்கும் தனிச் சட்டம் கிடையாது. இரண்டுக்கும் கோர்ட்டைத்தான் நாட வேண்டும், கோமா என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அதிகாரத்தைக் கேட்டுப் போடுகிற மனு). 2024இல் கோமாவில் இருந்த கணவரின் சொத்தை மருத்துவச் செலவுக்கு விற்க, மனைவியைக் கார்டியனாக நியமித்து நம் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இந்த வகைக்கு ரிட் பக்கம் வாதாடிப் பழகினவர் வேண்டும். குடும்ப நீதிமன்ற வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இது அவருடைய களம் இல்லை.

4. வக்கீலைப் பார்க்கும் முன்பே பேப்பர் கட்டைத் தயார் செய்யுங்கள்

பேப்பர் இல்லாமல் போனால் முதல் சந்திப்பு கதை சொல்வதிலேயே முடியும். வக்கீலும் சரியான கட்டணம் சொல்ல முடியாது.

பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளியில் படிக்கிறார் என்ற சான்று. பெற்றோரின் இறப்புச் சான்று. தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உங்கள் முகவரிச் சான்று, வருமானத்துக்கு ஏதாவது ஒரு ஆதாரம். சொத்து இருந்தால் மூலப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, பட்டா. நோயாளி என்றால் ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனையின் சான்று, அதில் "தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள இயலாதவர்" என்ற பொருள்படும் வரி இருக்க வேண்டும். நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

எல்லாவற்றிலும் பெயரின் எழுத்தும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பக்கத்தில் பிறப்புச் சான்றில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடுகிற பெயர் என்று இருப்பது சகஜம். இதை மனு போடுமுன் சரிசெய்வது எளிது, ஆர்டர் வந்த பிறகு திருத்த இன்னொரு மனு வேண்டும்.

அப்புறம் ஒரு தாளில் நெருங்கிய சொந்தங்களின் பட்டியல்: பெயர், உறவு, விலாசம். அப்பா வழி, அம்மா வழி இரண்டும். 1890 சட்டத்தின் 10ஆவது பிரிவு மனுவில் இதைக் கேட்கிறது. அப்பா வழிச் சொந்தத்தோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. மறைத்தால், பின்னால் அவர்கள் வந்து "எங்களுக்குத் தெரியாமல் வாங்கிவிட்டார்கள்" என்று ஆர்டரையே எதிர்ப்பார்கள். ஒத்துவருகிறவர்களிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்க இப்போதே பேசி வையுங்கள்.

இந்தப் பட்டியல் எவ்வளவு முக்கியம் என்பதைத் தம்பு செட்டித் தெருவில் ஒரு மாடி அலுவலகத்தில் பார்த்தேன். காசிமேட்டு ஆயா ஒருவர் பேரனோடு உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா முதலில் கேட்டது: "பையனோட அப்பா எங்க ஆயா?"

"அவன் இருக்கானோ இல்லையோ யாருக்கும்மா தெரியும். பொண்ணு செத்ததும் போனவன்தான்."

"கடைசியா எங்க இருந்தாரு? தெரு பேரு தெரியுமா?"

ஆயாவுக்குத் தெரியவில்லை. பேரன்தான் மெதுவாகச் சொன்னான், கொருக்குப்பேட்டையில் ஒரு ரேஷன் கடைப் பெயரை. வக்கீலம்மா அதைக் குறித்துக்கொண்டு, "அந்த வீட்டு நம்பரைக் கண்டுபிடிச்சிட்டு வாங்க, நோட்டீஸ் அங்கதான் போகணும்" என்றார். தகப்பன் உயிரோடு இருக்கக்கூடும் என்றால் கோர்ட் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமல் நகராது. ஆள் கிடைக்காவிட்டால் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொல்லும். கடைசி விலாசம் இல்லாமல் அந்த வேலை எதுவும் தொடங்காது.

5. பெயர்களைச் சேகரியுங்கள்

முதலில் போக வேண்டியது சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கட்டணம் கொடுக்க முடிந்த பெண்கள்கூட "அது ஏழைகளுக்குத்தானே" என்று விட்டுவிடுகிறார்கள். மாவட்ட ஆணைக்குழு உயர் நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோவில் ஹை கோர்ட் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம்தான். அடையாள அட்டை எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இலவச வக்கீல் ஒழுங்காகப் பார்க்கமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. ஆளைப் பொறுத்ததுதான், காசு வாங்குகிறவருக்கும் அது பொருந்தும்.

கட்டணத்துக்கு வைப்பதென்றால், இதே வகை ஆர்டர் வாங்கி முடித்த குடும்பத்தைத் தேடுங்கள். சிறப்புப் பள்ளிகளின் பெற்றோர்களிடம் கேளுங்கள். உங்கள் சொத்துப் பத்திரம் எழுதிய ஆவண எழுத்தருக்கு மைனர் சொத்து விற்பனையில் எந்த வக்கீல் அனுமதி வாங்கினார் என்று தெரியும்.

இரண்டு வழிகளைத் தவிர்க்கலாம். ஒன்று, கோர்ட் வாசலில் "என்ன கேஸ்?" என்று கூடவே நடந்து வருகிறவர். இன்னொன்று, இணையத்தில் நட்சத்திரம் போட்டு வக்கீல்களை வரிசைப்படுத்தும் தளங்கள். வக்கீல்களைப் பதிவு செய்து கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி, அவர்கள் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தத் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அங்கே வரும் பெயர் யாரோ பணம் கட்டிப் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. போகுமுன் சரிபாருங்கள்

ஒவ்வொரு வக்கீலுக்கும் பார் கவுன்சில் பதிவு எண் இருக்கும், எண்ணும் பதிவான ஆண்டுமாக. கேட்பதில் தப்பில்லை. வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வக்கீல் பெயரைக் கொடுத்து வழக்குகளைத் தேடலாம். கார்டியன் மனுக்களுக்கு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்ற வகைப்பெயர் வரும். அவர் பெயரில் அப்படிச் சில முடிந்திருந்தால் சரி. முழுக்கச் செக் மோசடி வழக்காக இருந்தால் அவர் வேறு வேலைக்காரர்.

7. முதல் சந்திப்பில் என்ன கேட்பது

பாரிமுனை அலுவலகங்களில் மாலை ஐந்தரைக்கு மேல்தான் நிதானமாகப் பேச முடியும். கோர்ட் இடைவேளையில் வராந்தாவில் பிடித்துப் பேசினது எதுவும் இரண்டு பேருக்கும் நினைவிருக்காது.

எந்தச் சட்டம், எந்தக் கோர்ட், ஏன் என்று கேளுங்கள். மனுவில் யாரையெல்லாம் எதிர்மனுதாரராகச் சேர்ப்பீர்கள், எதனால் தாமதம் வரலாம், விசாரணைக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியரா என்றும் கேளுங்கள். நேஷனல் டிரஸ்ட் வகை விஷயத்தோடு போய், "இதற்குக் கோர்ட் வேண்டாம், கலெக்டர் ஆபீஸ் போங்கள்" என்று வக்கீல் சொன்னால் அவர் விலாசத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொத்து விஷயத்துக்கு ஒரு நல்ல உரைகல் உண்டு. அந்த வீடு தகப்பன் தனியாகச் சம்பாதித்து வாங்கியதா, பிரிக்காத பூர்வீகச் சொத்தில் பிள்ளைக்குள்ள பங்கா என்று வக்கீலே கேட்கிறாரா பாருங்கள். 1956 சட்டத்தின் 8ஆவது பிரிவின் அனுமதி தேவையா என்பதே அதைப் பொறுத்து மாறும். கேட்காமலே "போட்டுடலாம், மூணே மாசம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். கோர்ட் எத்தனை மாதத்தில் முடிக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. மே மாதக் கோடை விடுமுறையை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. கட்டணம், வக்காலத்து

மொத்தத் தொகையைக் கேட்டு, அதைக் கட்டங்களாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: மனு நம்பர் ஆனதும் இவ்வளவு, சாட்சி விசாரணையில் இவ்வளவு, ஆர்டர் நகல் கையில் வந்ததும் இவ்வளவு. கோர்ட் கட்டணம், டைப்பிங், பத்திரிகை விளம்பரச் செலவு ஆகியவை இதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் விளம்பரச் செலவில்தான்.

"வீடு விற்றதும் ஒரு பங்கு கொடுங்கள்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். பார் கவுன்சில் விதி அதை அனுமதிப்பதில்லை.

வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்துப் போடுமுன் பெயரும் கோர்ட்டும் நிரப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம், குமாஸ்தா அவசரப்படுத்தினாலும் சரி. அசல் ஆவணங்களை அலுவலகத்தில் விட்டுவராதீர்கள். சாட்சியம் சொல்லும் நாளில் நீங்களே கொண்டுபோய்க் காட்டலாம்.

9. மனு போட்ட பிறகு

மனுவை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்திடுங்கள். கார்டியனாக இருக்கச் சம்மதம் என்ற உங்கள் உறுதிமொழியும், அதில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இணைய வேண்டும். இது விடுபட்டால் மனு ரிட்டர்ன் ஆகும். வழக்கு எண் வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்பதை இ-கோர்ட்ஸில் நீங்களே பார்க்கலாம், தினமும் போன் போட வேண்டியதில்லை.

விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் நீதிபதி பிள்ளையிடமே யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்கலாம். பதில் சொல்லிக்கொடுத்து அழைத்துப் போகாதீர்கள், அது முகத்திலேயே தெரிந்துவிடும்.

வக்கீலை மாற்ற நேர்ந்தால் பழையவரிடம் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கிப் புதியவர் வக்காலத்துப் போடுவார். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்திருக்கிறது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், தெரிந்தவராகச் சொன்னால் போதும்.

10. ஆர்டர் வந்ததும்

சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், ஒன்றுக்கு இரண்டாக. பெயர், கதவு எண், சர்வே எண் எல்லாவற்றையும் பத்திரத்தோடு வைத்துப் பாருங்கள்.

கோர்ட் நியமித்த கார்டியன் பிள்ளையின் வீட்டை விற்க, அந்த ஆர்டரே போதாது. 1890 சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி தனி அனுமதி வேண்டும். விற்ற பணத்தில் பிள்ளையின் பங்கைப் பிள்ளை பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வது வழக்கம், ரசீதைக் கோர்ட்டில் காட்டச் சொல்லியிருந்தால் கெடு தவற விடாதீர்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டத்தில் நியமனம் ஆனவர்கள் 6 மாதத்துக்குள் சொத்து விவரப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் கொடுக்க வேண்டும். பேங்க் பாஸ்புக், மருந்துச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும்போது வக்கீலிடமிருந்து மனு நகல், வாக்குமூலம், கோர்ட் சாட்சியமாக எண் போட்டுக் குறித்த ஆவணங்களின் பட்டியல் ஆகியவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அனுமதி மனுவுக்கு முதலில் கேட்பது அவற்றைத்தான்.